ஓய்வு: முப்பது நொடி

பங்கேற்பாளர் பதினேழு கதவைத் திறந்ததுமே
மனசுக்குள் கைதட்டினேன்.
மொட்டை.
சந்தனம்கூட முழுசாய்க் காயவில்லை.

இந்த வேலையில் முடிதான் எதிரி,
தஞ்சாவூர்த் தலைகளில் எண்ணெய் வேறு.
குச்சியால் வகிடு வகிடாய் விலக்கி
ஒவ்வொரு இழைக்கும் அரிசியளவு தோல் தேடுவதற்குள்
அரைநாள் போய்விடும்,
ஒளி போகாது.

இவளுக்கு நாலே நிமிடம்.
முன்மண்டையில் மட்டும் துடைத்தேன்,
உச்சியை விட்டுவிடச் சொன்னாள்.
தொப்பி மாட்டி, வெளிவெளிச்சம் புகாமல்
குடைத்துணி போர்த்தினேன்.
இருபது கோடுகளிலும் நாடி
அப்படியொரு சுத்தம்.

பெயர் குறிக்கக் கூடாதென்பது விதி.
ஒப்புதல் படிவத்தில் படித்துவிட்டேன்:
சூ. ஜெபமாலைமேரி, பட்டியல் எழுத்தர்,
நெல் கொள்முதல் நிலையம்.

"இதுல என்னங்க தெரியும்?"

இங்கே ஒளியை உள்ளே விடுவோம்,
மூன்று சென்டிமீட்டர் தள்ளித் துளி வெளியே வரும்,
நடுவில் அது போகும் வழி
ஒரு பூவன்பழம் அளவுக்கு வளைந்திருக்கும்.
வராததில் ரத்தம் குடித்தது எவ்வளவு என்று கணக்கு.

"குத்தூசி" என்றாள்.
"மூட்டையப் பிரிக்காம ஒரு பிடி எடுத்து
ஈரம் பார்ப்போம்.
அடியில கருக்கா வச்சுத் தச்சிருந்தா
குத்தூசிக்குத் தெரியாதுங்க."

ஆயிரத்திலிருந்து ஏழேழாய்க் கழிக்கச் சொன்னேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு,
எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு.
எடைக்கல் வைப்பதுபோல் வைத்துக்கொண்டே போனாள்.
நெற்றிக்குப் பின்னால் ரத்தம்
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது ஓய்வு.
எதையும் நினைக்க வேண்டாம்,
திரை நடுவே இருக்கிற குறியை மட்டும் பாருங்கள்.
எங்களுக்கு அது கூட்டல் குறி.

ஐந்தாவது நொடியில் சிவப்புக் கோடு எழுந்தது.
நீலம் இறங்கியது.
எழுந்துகொண்டே இருந்தது.

மூளைக்கு முறைப்பாசனம் கிடையாது.
கேட்ட இடத்துக்குக் கேட்டதைவிடக் கூடுதலாய்
ஆறே நொடியில் வந்து நிற்கும்.
ஜன்னலுக்குக் கீழே புது ஆறு
மணலைக் காட்டிக் கிடந்தது.
இவள் ஊர் கடைமடை.

பன்னிரண்டு சுற்று.
கணக்குப் போடும்போது சமவெளி,
சும்மா இருக்கும்போது குன்று.
ஒயரை மாற்றிச் செருகிவிட்டேனோ என்று
இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன்.

வலதுகையா இடதுகையா,
இரவு எத்தனை மணி தூக்கம்,
காலையில் காபி உண்டா:
கேள்வித்தாளில் இருப்பது அவ்வளவுதான்.
வேளாங்கண்ணியில் யாருக்காக இறக்கினாய்
என்பதற்குக் கட்டம் இல்லை.
வாய்வரை வந்தது.
கேட்டால் அதுவும் ஒரு பணி,
அடுத்த ஓய்வு கெட்டுவிடும்.
அப்படித்தான் எனக்கு நானே
சொல்லிக்கொண்டேன்.

முந்நூறு ரூபாய் கொடுத்தேன்.
நாளெல்லாம் எண்ணுகிறவள்
எண்ணாமல் பையில் போட்டாள்.
"நான் சரியா செஞ்சேனா?"
நன்றாகச் செய்தீர்கள்.

கோப்பில் எழுதினேன்:
பதினேழு. ஓய்வுநிலை நிலையற்றது. நீக்கம்.

சாயங்காலம் தொப்பியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.
தினமும் இழைகளில் சிக்கி ஒரு கொத்து வரும்,
நரைத்தது, சாயம் போட்டது,
சுருளாய் அறுந்தது.
இன்று ஒன்றுகூட இல்லை.
பஞ்சில் மட்டும் கொஞ்சம் சந்தனம்.