லைனிங்

சாரிச் சட்டைக்கு லைனிங் வைக்க
ஆரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.
வீட்டுக்கும் வைக்கலாம் என்பது
நாற்பத்திமூன்று வயதில்தான் தெரிந்தது.

ஒட்டுசுட்டானில் வைகாசி.
பத்தரைக்கே தகரம் பேசத் தொடங்கும்,
டிக் டிக்கென்று ஆணி ஆணியாய்.
பதினொன்றுக்கு மிசினின் இரும்பில் கை வைக்க ஏலாது.
வியர்வை சொட்டினால் பட்டுத்துணி வடுப்பிடிக்கும்
என்று ஃபானைப் போட்டால்
அது மேலே கிடக்கிற நெருப்பை அள்ளி
என் உச்சியில் ஊற்றும்.
அதற்கும் காசு.

எழுபத்தொரு யூனிட்.
அறுபதைத் தாண்டினால் விலைக்கு வேறு முகம்.
மீற்றர் பார்க்க வரும் கஜமுகன்
பில்லை நீட்டும்போது என்னைப் பார்க்கமாட்டான்,
முருங்கையைப் பார்ப்பான்.

சித்தியின் மகன் தயாளரூபனுக்கு
நோர்வேயில் கூரைக்குள் பஞ்சடிக்கிற வேலை.
போனில் என் கூரையைக் காட்டச் சொன்னான்.
"அக்கா, இது வீடில்லை,
கவிட்டு வைச்ச தாச்சி."
அங்கே வீட்டைச் சூடாக்கவே சம்பளம் கரையுதாம்.
உங்கட வெயிலில் ஒரு கிலோ அனுப்புங்கோ என்றான்.
தபால் செலவை நீ கட்டு என்றேன்.
சிரித்து முடிய, வேலைக்காரன் குரலில் சொன்னான்:
மினுங்குகிற தாள் ஏதாவது.
தகரத்தோடு ஒட்டக் கூடாது.
நாலு விரல் இடைவெளி விடுங்கோ.
தாளும் அந்த நாலு விரலும் சேர்ந்துதான்
வெயிலை மறிக்கும்.

முல்லைத்தீவில் ஒரு ரோலுக்கு விலை கேட்டேன்.
கேட்ட கையோடு பஸ் ஏறிவிட்டேன்.

சந்தியில் பவுலின் தேத்தண்ணிக் கடை.
பால்மாப் பைக்கற்றை வெட்டி உதறி
அவர் குப்பையில் போடும்போது
உள்பக்கம் பளீரென்று கண்ணில் அடித்தது.
"அண்ணை, எறியாதேங்கோ!"

மூன்று மாதம், நாலு கடை,
நூற்று நாற்பத்தாறு பைக்கற்.
சாம்பல் போட்டுக் கழுவிக் கொடியில் காயவிட
மீனென்று நம்பி ஒரு காகம் வந்து ஏமாந்தது.
சின்னத் தையல் போட்டால் முத்திரைபோலக் கிழியும்;
பெரிய தையலில் ஓட்டினேன்.
கூரைக்கு மார்பளவில்லை, இடுப்பளவில்லை,
ஆனாலும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

மினுக்கம் மேலேயா கீழேயா என்று
எனக்கும் நோர்வேக்கும் இரண்டு நாள் சண்டை.
மேலே என்றான்.
பல்லி எச்சமும் செம்மண் புழுதியும்
உன்ர நாட்டில் இல்லையடா என்றேன்.
கீழே பார்க்கக் கட்டினேன்.

முதல் கிழமை எறும்பு வந்தது.
கழுவிய மூலைகளிலும் பால் இருந்திருக்கிறது.
தின்று முடித்துப் போய்விட்டன.

வெளியே கச்சான் காற்று கொதித்த ஒரு மத்தியானம்
மிசினைத் தொட்டுப் பார்த்தேன்.
இரும்பு, வெறும் இரும்பாக இருந்தது.

அடுத்த பில்லுக்குக் கஜமுகன்
மீற்றரை விரலால் இரண்டு தரம் தட்டினான்.
ஐம்பத்தெட்டு.
"என்ன செய்தனீங்கள்?"
உள்ளே கூப்பிட்டேன். அண்ணாந்தான்.
கசங்கிய வெள்ளியில் அவன் முகம்
பத்துப் பதினைந்தாய் அவனையே பார்த்தது.
"பத்துக்குப் பத்து அறைக்கு
எத்தனை பைக்கற் போகும், அக்கா?"

தயாளரூபன் சொல்லாத ஒன்று இருந்தது.

முன்பெல்லாம் தகரத்தில் ஒன்று விழுந்தால்
கண் திறக்கமுன் காது எண்ணத் தொடங்கும்.
அது மழைக்காகப் பழகிய பழக்கமில்லை.

ஐப்பசியில் ஓரிரவு எண்ணவில்லை.
விடியக் கதவைத் திறந்தால் முற்றமெல்லாம் வெள்ளம்.
கொடியில் மூன்று வெள்ளை யூனிபோம்
சொட்டிக்கொண்டு நின்றன,
காலமை தருவதாய்ச் சொன்னவை.
நேசமலர் ரீச்சருக்குப் போன் எடுத்தேன்.

"மழை தெரியேல்லை, ரீச்சர். நித்திரையாப் போனன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு கேட்டா,
"நீரோ?"