துறை (ஒன்று மட்டும்)

கூட்டாய்வுத் திட்டங்களுக்கான நிதி என்று
விண்ணப்பத்தின் தலையில் தடித்த எழுத்து.
அதன் கீழே முதல் கட்டம்:
துறை (ஒன்று மட்டும்).

விர்ஜின் ஷிபு இயற்பியல்.
பீனா கிருபா விலங்கியல்.
நான் தமிழ்.
நாகர்கோவிலில் ஒரே மாடியில் ஒன்பது வருடம்.
பேசிக்கொண்டது போன வருடம்,
மோட்டார் பழுதாகித்
தண்ணீர் வராத ஒரு வெள்ளிக்கிழமை.

குளச்சலுக்கு மேற்கே கடலடியில்
பாறைத் திட்டுகள். பார் என்பார்கள்.
ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெயர்கள் எனக்கு,
நீரோட்டம் ஷிபுவுக்கு,
எந்த மாதம் எந்த மீன் என்பது பீனாவுக்கு.
கட்டத்தில் யார் பெயர் என்று
சீட்டுக் குலுக்கினோம். இயற்பியல் வந்தது.

கேட்டது நாலு லட்சத்து எண்பதாயிரம்.
வந்தது அறுபத்தைந்தாயிரம்.
எழுபத்தைந்தாக வந்திருக்கும்,
தமிழுக்குக் கருவி எதற்கு என்று
ஒலிப்பதிவுக் கருவியை அடித்துவிட்டார்கள்.
பீனா அதையே
திமிங்கிலக் குரல் பதிவுக்கென்று எழுதி
வேறு கணக்கில் வாங்கினாள்.
இன்றுவரை திமிங்கிலம் எதுவும் பேசவில்லை.
பேசியதெல்லாம் கிளீட்டஸ்.

முப்பத்து மூன்று வயது, மெக்கானிக்கல் டிப்ளமோ,
நாலு வருடம் கத்தார், ஒரு பைபர் வள்ளம்.
ஜிபிஎஸ் வைத்திருக்கிறான்.
அதைத் தட்டியபடியே
கரையைத் திரும்பிப் பார்க்கவும் செய்வான்:
குருசடிக்கு நேரே ஒரு மலை,
தண்ணீர்த் தொட்டிக்கு நேரே இன்னொன்று.
இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டில்.

'இதாக்கும் கணியம்.
ஒத்தக் கணியத்துல பாரு கிட்டாது சாரே.
ஒத்தக் கோட்டுல போனா
இப்பிடியே லட்சத்தீவுதான்.'

ஷிபு கோணமானியை நீட்டிக்கொண்டிருந்தான்.
பீனா விளிம்பைப் பிடித்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள்.
நான் கணியம் என்று எழுதி
அடிக்கோடு போட்டேன்.
அலை அந்தக் கோட்டைப்
பக்கத்தின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போனது.

வள்ள வாடகை எட்டாயிரம்.
நிதி அலுவலகம் சொன்னது:
பயணம் என்றால் பேருந்து, அல்லது ரயிலில் இரண்டாம் வகுப்பு.
கடலில் வகுப்பு இல்லை என்றோம்.
அப்படியென்றால் ரசீதுப் படிவம் என்றார்கள்.

எஞ்சின் பெட்டி மேல் வைத்து,
டீசல் கறை பட,
கிளீட்டஸ் நிரப்பினான்.
பெயர்: கிளீட்டஸ்.
தொகை: எட்டாயிரம்.
துறை: பூத்துறை.

பிழையே இல்லை.
இரயுமன்துறை, பூத்துறை, சின்னத்துறை,
இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை.
இங்கே காயும் வலையின் நிழல்
அங்கே விழும்போல அத்தனை பக்கம்.
அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.
'எங்கடயும் துறைக்குத் துறை சண்டைதான் டீச்சர்,
கல்லெறி வரைக்கும்' என்றான்.

மார்ச் முப்பத்தொன்று.
தணிக்கைக் குறிப்பு, பச்சை மையில்:
பூத்துறை என்றொரு துறை
இப்பல்கலைக்கழகத்தில் இல்லை.
துறைத்தலைவர் கையொப்பத்துடன்
விளக்கம் தருக.

கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறோம்.
மூன்று கட்டஞ்சாயா, ஒரு ரசவடை.
எட்டாயிரத்தை நாமே போட்டுவிடலாம் என்றாள் பீனா.
ஆளுக்கு இரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்தாறு,
மீதி இரண்டு ரூபாய் யார் என்றான் ஷிபு.
'ஐயா, துறை என்பது இறங்கும் இடம்' என்று
நான் தொடங்கியதை
இருவரும் சேர்ந்து அடித்தார்கள்.
இந்த ஒரு வருடத்தில்
அவர்கள் ஒத்துப்போன முதல் இடம் அது.

கிளீட்டஸை அழைத்து விஷயத்தைச் சொன்னோம்.
அந்தப் பக்கம் காற்று, ஏலச் சத்தம், சிரிப்பு.
'எங்க துறைக்குத் தலைவரு
பங்குச் சாமியாராக்கும்.
சீலு வச்சு வாங்கித் தரட்டா?'

ஷிபு போனைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தான்.
பீனா ரசவடையை இரண்டாகப் பிய்த்தாள்,
யோசித்து, மூன்றாக்கினாள்.
'சீல் வட்டமா நீளமான்னு
கேளு' என்றாள்.