நாலு நூல் போல்ட்

தலை மட்டும் கையோடு வந்தது.
மிச்சம் பல்பரின் வார்ப்பிரும்புக்குள்.
வெளியே தெரிவது ஒரு நூல் உயரம்.

நாகலூரில் கரண்ட் இல்லை.
பல்பர் டீசலில் ஓடும், வெல்டிங் ஓடாது.
செவ்வாய்ப்பேட்டைக்கு இருபது கொண்டை ஊசி
இறங்கி ஏறுவதற்குள்
நாற்பது மூட்டைக் காப்பிப் பழமும் புளித்துவிடும்.

உடைத்தது யாரென்று யாரும் கேட்கவில்லை.
நான்தான்.
ஸ்பேனரில் நாலடி பைப்பைச் சொருகி
தம்பியோடு போனில் கத்திக்கொண்டே தொங்கினேன்.

ராத்திரி ஊற்றிய மண்ணெண்ணெய்
எந்தப் பக்கம் போனதோ.
காலையில் புளோலாம்ப் வைத்துச் சூடேற்றினேன்.
அந்தோணியம்மா மெழுகுவர்த்தி கொண்டுவந்தாள்,
கல்லறைத் திருநாளில் பாதி எரிந்து மிஞ்சியது.
தொட்டதும் உருகி விளிம்பைச் சுற்றி ஓடி
மரைக்குள் காணாமல் போனது.
"குடிக்குதுண்ணே" என்றாள்.

இனி வலு கூடாது.
அரத்தால் இரண்டு பக்கம் தட்டையாக்கி,
கவ்விப் பிடித்து,
முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை.
அப்புறம் தளர்த்தும் பக்கம்.
மறுபடி.

டிக்.

நேற்றும் இதே சத்தம்தான்.
முறிவதற்கும் இளகுவதற்கும்
இரும்பிடம் இருப்பது ஒரே சொல்.
கைதான் பிரித்தறிய வேண்டும்.
நேற்று கை சட்டென்று காலியானது.
இப்போது கனம் இருக்கிறது,
கனம் நகர்கிறது.

கால் சுற்று. அரைச் சுற்று.
செம்பொடி உதிர உதிர
முழுசாய் வெளியே வந்து விழுந்தது.
அந்தோணியம்மா பழம் கொட்டப் போய்விட்டாள்.

தம்பி நம்பரை அழுத்தினேன்.
விரல் முழுக்க மெழுகு,
திரைக்குத் தெரியவில்லை.
சட்டையில் துடைத்துக்கொண்டு
மறுபடி.