வளவில் ஐந்து சீட்டு

ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து.
உள்வீடும் வெளிவீடும் மாதிரி, என்றேன்;
சாவி உங்கள் இடுப்பில்,
அடுத்த புள்ளி எட்டிப் பார்க்கக் கூடாது.
நடுவில் ஐந்து சீட்டு நிமிர்ந்து விழும்.
அது வளவு. எல்லோருக்கும் பொது.
வெயிலோ மழையோ அங்கேதான் இறங்கும்.

கோனாபட்டில் மூன்றாம் நாளும் பேச்சு முடியவில்லை.
ஓட்டல்காரன் விலையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.
நாலு புள்ளி, நாலு வக்கீல்,
கரண்ட் வேறு இல்லை.
எமர்ஜென்சி விளக்கை வைத்துக்கொண்டு
பங்காளிகளுக்குப் போக்கர் சொல்லித் தருகிறேன்,
தேனம்மை, அப்பச்சி பங்குக்கு வந்தவள்.

பணத்துக்குப் பதில் சீப்புச்சீடை.
வயிரவன் முதல் சுற்றிலேயே
பந்தயத்தைத் தின்றுவிட்டான்.

முதலில் மூன்று திறக்கும், பிறகு ஒன்று, பிறகு ஒன்று.
ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி:
சும்மா இருக்கிறாயா, கட்டுகிறாயா,
அவன் கட்டியதற்கு ஈடு வைக்கிறாயா, ஏற்றுகிறாயா,
இல்லை, கவிழ்த்துவிட்டு எழுந்து போகிறாயா?
ஏழில் நல்ல ஐந்து உன் கை.
ஜோடியை இரண்டு ஜோடி வெல்லும்,
அதை ஒரே எண் மூன்று வெல்லும்,
அதை வரிசை, வரிசையை ஒரே பூவாக ஐந்து.
"தாய்ப்பத்திரம் எதை வெல்லும்?" என்றான் கருத்தான்.
யாரும் சிரிக்கவில்லை.

சாத்தப்பண்ணன் ஒரு தடவை
வெறும் ஒன்பதை வைத்துக்கொண்டு
ராஜா கையிலிருப்பதுபோல் ஏற்றினார்.
கருத்தான் விடாமல் ஈடு வைத்ததில் வெளிச்சமாகிவிட்டது.
ஏற்றும்போது கடிகார வாரைக் கழற்றி
ஒரு துளை தள்ளி மாட்டினார்.
மத்தியானமும் மாட்டினார்,
"இந்த விலைக்கு என் கையெழுத்து கிடையாது"
என்று சொன்னபோது.

கடைசி ஆட்டம்.
வளவில் இரண்டு ராணி, ஒரு பத்து, ஆறு, நாலு.
என்னிடம் இரண்டும் ஏழும்.
குப்பை.
அவர் ஏற்றினார். வாரைக் கழற்றினார்.
இருந்த சீடை அத்தனையையும் தள்ளினேன்.
ஆத்தங்குடிக் கல்லில் இரண்டு உருண்டு
வயிரவன் பக்கம் போயின; திரும்பி வரவில்லை.

வெகு நேரம் என் முகத்தைப் பார்த்தார்.
கவிழ்த்தார்.

"ராணிதானே ஆத்தா? காட்டு."
எல்லோரும் ஒதுங்கிய பின்
ஜெயித்தவள் காட்ட வேண்டியதில்லை, அண்ணே.
அதுவும் விதி.
சீட்டைக் கலைத்தேன்.

கை கழுவப் போனவர்
கடிகாரத்தைத் தொட்டி விளிம்பில் மறந்துவிட்டார்.
ஓடிப்போய்க் கொடுத்தேன்.
காலை பத்து மணிக்கு ஓட்டல்காரன் வருகிறான்;
அது அவர் கையில் இருக்க வேண்டும்.