குண்டு விழுந்த மட்டும்

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது
வெள்ளைக்காரன் எல்லைக்கல் நடவில்லை.
பீரங்கியைத் திருப்பித் திருப்பிச் சுட்டான்.
குண்டு விழுந்த மட்டும் அவன் ஊர்.
குண்டு உப்பலவாடிக்குப் பெயர் அப்படி வந்ததுதான்,
நான் தினம் ஸ்கூட்டரில் போகிற குண்டு சாலைக்கும்.
குண்டும் குழியுமாகக் கிடப்பதால் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன், வேலையில் சேர்ந்த வருஷம்.

வரிப் பிரிவு, நான்காவது மேஜை.
என்னிடம் இருப்பது ஒரு பழுப்புக் கோப்பு:
தோட்டா கம்பெனி, சொத்து வரி, பதினோரு வருஷ பாக்கி.
நாடாவை அவிழ்த்தால்
ஒரு கடிதம் இன்னொரு கடிதத்தைப் பார்க்கச் சொல்லும்.
பார்வையில் கண்டவற்றை
இதுவரை யாரும் பார்த்ததில்லை.

வரிக்குப் பதில் வந்தவை தனிக் கோப்பு.
உப்பனாற்றுப் பாலத்தடியில் பதினெட்டு சோலார் விளக்கு,
செம்மண்டலத்தில் நிழற்குடை,
அதில் கம்பெனி பெயர் பெரிதாக, நிறுத்தத்தின் பெயர் சின்னதாக.
இரண்டு குப்பை வண்டி.
கெடிலக்கரையில் எரிவாயுத் தகனமேடை.
கமிஷனர் மேஜைக்கு
பித்தளைத் தோட்டாக்களை ஒட்டிச் செய்த பேனா ஸ்டாண்டு.
ஒரு கூட்டத்தில்
அருள்மொழிச்செல்வி, புது கவுன்சிலர், எழுந்து கேட்டார்:
"அந்தத் தோட்டாவெல்லாம் எங்கங்க போகுது?"
"மெட்ராசுக்குத்தான்" என்றார் மேனேஜர்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
மெட்ராசுக்கு அப்புறம் எங்கே என்பது
தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை.

பகல் மூன்று மணிக்குச் சோதனைச் சுடுதல்.
டப். டப்-டப்.
கணக்கு டீச்சர் ஒரு நிமிஷம் நிறுத்தி
விட்ட எண்ணிலிருந்து தொடருவார்.
அஞ்சலாட்சி விற்காத சங்கராவை ஐஸில் தள்ளுவாள்,
இனி யாரும் வரப்போவதில்லை என்று.
நாய்கள்கூடப் பழகிவிட்டன.

போன ஆனியில் நகர எல்லையைத் திருத்தி வரைந்தார்கள்.
கோடு நேராகத்தான் வந்தது.
கம்பெனி மதிலைக் கண்டதும் கொஞ்சம் நின்று
வாய்க்கால் பக்கமாக ஒதுங்கி
மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனது.
"என்ன சார் இந்த வளைவு?" என்றேன்.
"பேனா வழுக்கிடுச்சும்மா" என்றார் இளவழுதி, உதவிப் பொறியாளர்,
வரைபடத்திலிருந்து தலை தூக்காமல்.
வளைவுக்கு உள்ளே நாலு குப்பம், அவற்றின் குடிநீர் வரி.
வெளியே கம்பெனி.
இந்த முறை ஒரு குண்டும் செலவாகவில்லை.

நேற்று கலிவரதன் மனைவி வந்திருந்தாள்.
மருந்து கலக்கும் கொட்டகை, இரண்டாம் ஷிப்ட்,
பேப்பரில் மூன்று வரி.
திறக்கக் கூடாத பெட்டி.
தகனமேடையில் காசு வாங்கவில்லையாம்,
கம்பெனி ஆட்களுக்கு அந்தச் சலுகை உண்டு.

வீட்டு வரியைத் தன் பெயருக்கு மாற்றவேண்டும் என்றாள்.
இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார் நகல்,
பெயர் மாற்றக் கட்டணம் ஐந்நூறு,
அரையாண்டு பாக்கி இருநூற்று எழுபத்தாறு.
செல்போன் உறைக்குள்ளிருந்து
எட்டு நூறு ரூபாய்த் தாள்களை உருவி எடுத்தாள்.
"அவரு பேரு சுத்தமா போயிருமா?"
பழைய பதிவேட்டில் இருக்கும் என்றேன்.
மேலே ஒரு சிவப்புக் கோடு இருக்கும் என்பதைச் சொல்லவில்லை.
பதினோரு வருஷ பாக்கியைப் பற்றியும்
அவளிடம் என்ன சொல்ல.

ரசீது அச்சாகிக்கொண்டிருந்தபோது
மூன்று மணி.
டப்.
கண்ணாடித் துளைக்குள் நீட்டிய அவள் கை
அப்படியே நின்றது.
பிரிண்டர் பாட்டுக்கு ஓடியது.
டப்-டப்.
முடிகிறவரை
மீதிச் சில்லறையை நான் வைத்துக்கொண்டிருந்தேன்.
இருபத்து நாலு ரூபாய்.