கொக்கி

ஒன்பதாங்கட்டை டவுனில்
சிங்காரவேலு மளிகையில் கல்லா என்னுடையது,
காசு அவருடையது.

என் இடது கைப்பக்கம் ஒரு கொக்கி.
அதில் சிவப்பு பிளாஸ்டிக் பைகள் கொத்தாய்த் தொங்கும்.
பார்க்காமலே இழுப்பேன்.
மூன்று முட்டைக்கு ஒன்று,
ஒரு பாக்கெட் உப்புக்கு ஒன்று,
பையிலேயே வந்த ரொட்டிக்கு இன்னொரு பை.
மழை பெய்தால் அவையெல்லாம்
செம்பனைக் காட்டுக் கால்வாயில் கூட்டம் போட்டு
எங்கள் பின்வாசலுக்கே வந்து சேரும்.
கடன்காரனைத் தவிர
எல்லாம் திரும்பி வரும் கடை இது.

முதலில் மஜ்லிஸ் ஒரு பலகை தந்தது.
பூமியைக் காப்போம், மூன்று மொழியில்.
ஆணி அடித்த அன்று படித்தார்கள்.
பிறகு அதே ஆணியில் காலண்டர் மாட்டினோம்.

அடுத்து, பைக்கு இருபது சென்.
முன்பு பை வாங்கும்போது
சிலரிடம் கொஞ்சம் கூச்சம் இருந்தது.
இப்போது சில்லறையைத் தட்டிப் போட்டார்கள்:
'அதான் காசு குடுத்துட்டேனே.'
கூச்சத்தின் விலை இருபது சென் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்தவள் மிஸ் ஹோ.
கோலாலம்பூரில் மனித நடத்தை படிக்கிறவளாம்.
சின்னக் கார், பெரிய தண்ணீர்ப் போத்தல்.
பலகையைப் பார்த்துச் சிரித்தாள்.
யாரிடமும் மன்றாட வேண்டாம் அக்கா, என்றாள் மலாயில்,
கொக்கியைக் கழற்றினால் போதும்.
பைகள் என் நாற்காலிக்கு அடியில் போயின.
யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.
கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்பது எவ்வளவு கனம் என்பதை
குலை வெட்டும் சன்னாசியிடம் கண்டேன்.
இருபத்தைந்து கிலோ குலையைத்
தூக்கி எறிகிறவர்,
பத்து முட்டையோடு நின்றார்.
என்னைப் பார்த்தார், வெறும் சுவரைப் பார்த்தார்,
பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றி
முட்டைகளை ஒவ்வொன்றாய் அதில் படுக்க வைத்து
மோட்டார் கூடையில் ஏற்றிக்கொண்டு
போலீஸ் நிற்காத பின்வழியாய்ப் போனார்.
மறுநாள் ரஃபிக்குல்
கருவாட்டுக்கு ஹெல்மெட்டை நீட்டினான்.
சனிக்கிழமைக்குள்
ஹெல்மெட்டில் சாமான் வாங்குவது
என்றைக்கும் இருந்த ஊர் வழக்கம்போல் ஆகிவிட்டது.

எல்லாரும் அப்படியில்லை.
பவளக்கொடி டீச்சர் உரக்கக் கேட்டு
ஐந்து பை வாங்குவார்.
பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் அவர் பொறுப்பு.

மிஸ் ஹோ கணக்குப் பார்த்தாள்.
நாளுக்கு நூற்றைம்பது, இப்போது நாற்பத்தொன்று.
அதில் என் பங்கை அவள் எழுதிக்கொள்ளவில்லை.
ஒவ்வொரு பைக்கும் நான் குனிய வேண்டும்.
முழங்கால் வலி.
சில நேரம் கேட்டும் கேட்காதவளாய்
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பேன்.

இது புது விஞ்ஞானம் என்றாள்.
இருக்கலாம்.
ஆனால் இந்தத் தோட்டத்தில் அந்தக் காலத்தில்
சம்பள மேசைக்கும் லயத்துக்கும் நடுவே
கள்ளுக்கடையைக் கட்டிய துரை என்ன படித்திருப்பான்?
குடி என்று எவரையும் அவன் சொல்லவில்லை.
வழியில் வைத்தான், அவ்வளவுதான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை.
காலையில் முதலாளி வருமுன்
கண் மட்டத்தில் நின்ற சம்சு போத்தல்களை எடுத்து
அடித்தட்டில், அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன்.
கண் மட்டத்தில் பச்சைப்பயறு.
பத்து மணிக்கு வந்தார்.
பத்தேகாலுக்குப் போத்தல்கள் மேலேறிவிட்டன.
'பை வேற விஷயம்மா,' என்றார்,
'பை எனக்குச் செலவு.'

கொக்கி இருந்த சுவரில்
இப்போது ஒரு சின்ன ஓட்டை.
யார் எது வாங்கினாலும்
என் இடது கை
இன்னும் அங்கே போய்
வெறுமையைத் தொட்டுத் திரும்புகிறது.