இருபத்தோரு நாள்

சனிக்கிழமை விடிய டிவிஎஸ்ஸில் பவானிசாகர் போய்
மீன்கடைக் கழிவு இருபது கிலோ வாங்கி வருவது என் வேலை.
குடல், செதில், செவுள்.
ஜிலேபிக் கெண்டைத் தலை இரண்டை மட்டும்
தனிப்பையில் போட்டுக்கொள்வேன்.
அதற்குக் கணக்கு இல்லை.

நீல டிரம்மில் மீன் ஒரு பங்கு, கவுந்தப்பாடி வெல்லம் ஒரு பங்கு.
மூடி வேப்பமர நிழலில் நிறுத்தினால்
இருபத்தோராம் நாள் பழவாசம் அடிக்கும்.
மீனென்று ஒருத்தரும் சொல்ல முடியாது.
பத்து லிட்டர் டேங்குக்கு நூறு மில்லி.
தக்காளி இலை கறுகறுவென்று நிமிரும்.

பண்ணாடிக்குத் திருப்பூரில் சாயப்பட்டறை இருந்தது.
நொய்யலைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை.
இங்கே நம்பியூர்ப் பக்கம், வாய்க்கால் மேட்டில்
பதினாலு ஏக்கர், ஏழு மாடு, ஒரு சான்றிதழ்,
கேட்டில் பச்சைப் பலகை: சைவப் பண்ணை.

களைக்கொல்லி அடிக்கக் கூடாது என்பதால்
களைக்கொல்லியாக ஒன்பது பொம்பளைகள் இருக்கிறோம்.
முந்நூற்றைம்பது ரூபாய்.
குனிந்தால் பொழுதோடதான் நிமிர்வது.

போன மாதம் கோயமுத்தூரிலிருந்து ஒரு வேன் வந்தது.
செருப்பைக் கழற்றி மண்ணை மிதித்துப் பார்த்தார்கள்.
அந்நேரம் பார்த்து மாராள் தூக்குப்போசியைத் திறந்தாள்.
நெத்திலிக் கருவாடு.
சூப்பர்வைசர் சென்னியப்பன் ஓடி வந்தான்.
“ஏ மாரா, ரோட்டுக்குப் போயித் தின்னு.
வந்தவங்களுக்கு இந்த வாசம் ஆவாது.”

கேட்டுக்கு வெளியே, பஸ் கிளப்பும் புழுதிக்குள்
உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தாள்.
டிரம்மைக் காலால் தட்டினாள்.
“இதுக்குள்ள கெடக்கறது இருவத்தியோரு நாள்ல சைவமாவுது.
நம்மள எத்தன நாளு ஊறப்போடோணும்?”

நான் பதில் சொல்வதற்குள்
வேனில் வந்த அம்மா ஒருவர் குனிந்து மூக்கை உறிஞ்சி
“பலாப்பழம் மாதிரி இருக்கு” என்றார்.
டிரம்மோடு எங்களையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை புளியம்பட்டிச் சந்தைக்குக்
காளைக்கன்று போனது.
அது பால் கறக்காது. உழ டிராக்டர் இருக்கிறது.
சந்தையிலிருந்து லாரி எந்தத் திசைக்குத் திரும்பும் என்பது
கன்றைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.
பண்ணாடி அன்றைக்கு மட்டும்
கட்டுத்தரைப் பக்கம் வரவில்லை.

ஆர்.எஸ்.புரம் கடையில் நம் தக்காளி கிலோ தொண்ணூறாம்,
பச்சைப் புள்ளி ஒட்டிய பையில்.
கோணலும் வெடிப்பும் பெட்டிக்கு ஆகாது.
அதை நாங்கள் மடியில் கட்டிக்கொள்வோம்.

சனிக்கிழமை ராத்திரி அந்தத் தக்காளியை வதக்கி
அந்த இரண்டு தலையைப் போட்டேன்.
முன்பே பழகினவை மாதிரி
உடனே ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.
உப்பு மட்டும் சித்தெ கம்மி.